சாரத்தில் கட்டிய முகம்

கலைவிழாக் கமிட்டியில் எல்லோரும் வாய் கிழியப் பேசினார்கள். வேலை செய்தவள் தீபிகா ஒருத்திதான். வேலூர்க்காரி. பெங்களூர் தொம்மலூரில் ஒரு விளம்பர ஆபீசில் படம் வரைகிறவள். ஈஜிபுராவில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷக் கலைவிழாவோடு ஓர் உதவி ஓட்டமும் வைப்பதென்று முடிவானபோது, அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். ஓடுகிற அத்தனை பேரும் சீனுவின் முகத்தை முகமூடியாக மாட்டிக்கொண்டு ஓட வேண்டும்.

சீனுவுக்கு ஏழு வயது. இதயத்தில் ஓட்டை. நாலு எட்டு வேகமாக வைத்தால் உதடு நீலம் பாரித்துவிடும். அவன் அம்மா மரகதம், தெருமுனையில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் சித்தாள். அவனுடைய ஆபரேஷனுக்குப் பணம் திரட்டத்தான் அந்த ஓட்டம்.

"ஓட முடியாத பையனுக்காக ஏரியாவே அவன் மூஞ்சியோட ஓடுது. சூப்பர் ஐடியாம்மா!" என்று கமிட்டித் தலைவர் ஷங்கர் மேஜையைத் தட்டினார். தீபிகாவுக்கும் உச்சி குளிர்ந்துதான் போனது.

சீனுவை எதிரில் உட்காரவைத்து, கெட்டி அட்டையில் போஸ்டர் கலரால் அந்த முகத்தை வரைந்தாள். உதட்டுக்கு மட்டும் நல்ல சிவப்பாகப் பூசினாள். அதைப் பார்த்து மற்றவற்றை ஸ்கிரீன் பிரிண்ட் போட்டார்கள். கையால் வரைந்ததைச் சீனுவுக்கே கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டம் தொடங்கியது. மேடை ஓரத்தில் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மரகதத்தின் முன்னால் தெரு நிறையச் சீனுக்கள் ஓடி வந்தார்கள். மீசை வைத்த சீனு, தொப்பை வைத்த சீனு, சுடிதார் போட்ட சீனு. அத்தனை முகத்திலும் கண் இருந்த இடத்தில் ஓட்டை. ஓட்டைக்குள் யார் யாருடையதோ கண். எல்லாம் அவன் பக்கமே திரும்பிப் பார்த்தபடி போயின. எல்லோரும் கை தட்டினார்கள். மரகதம் முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டாள்.

ஓட்டம் முடிந்ததும் நேராகத் தீபிகாவிடம் வந்தாள்.

"ஆபரேசன் வேணாம் மேடம்."

"என்னக்கா சொல்றீங்க? நாளைக்கு அட்மிஷன். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். இந்தத் தேதி போச்சுன்னா இனி எப்பக் கிடைக்குமோ? பையன் தாங்க மாட்டான்னு டாக்டரே சொன்னாரில்ல?"

"இத்தினி பேரு கண்ணும் ஒரே நாள்ல பட்டுடுச்சி மேடம். இத்தோட எப்பிடிக் கத்தி வெக்கறது?"

தீபிகாவுக்கு எரிச்சலாக வந்தது. அடக்கிக்கொண்டு, ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னாள். மரகதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் சாயங்காலம் அவளே தேடி வந்தாள். முகம் தெளிந்திருந்தது. "போலாம் மேடம். காலைல நீங்களும் வாங்க" என்றாள். தன் பேச்சு எடுபட்டுவிட்டது என்று தீபிகா நிம்மதியாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை காலை தெருமுனைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கட்டடத்துச் சாரத்தில், முதல் மாடி உயரத்தில், பூசணிக்காய்க்கும் பழைய செருப்புக்கும் நடுவில், கறுப்புக் கயிற்றில் சீனுவின் முகம் தொங்கிக்கொண்டிருந்தது. பிரிண்ட் போட்டது இல்லை. அவள் கையால் வரைந்தது. சிவந்த உதட்டோடு, காற்றில் மெல்லத் திரும்பித் தெருவைப் பார்த்தது.

எந்தப் பாவி செய்த வேலை இது? மரகதம் ஆட்டோவில் இந்த வழியாகத்தான் வருவாள். பார்த்தால் வண்டியைத் திருப்பிவிடுவாள்.

"மேஸ்திரி! அதக் கழட்டுங்க முதல்ல!"

மேஸ்திரி முனியப்பன் அண்ணாந்து பார்த்தார். "அய்யோ, பேடம்மா, வேணாம்! நான் கட்டல, யாரு கட்டுனாங்கன்னும் தெரியாது. ஆனா திருஷ்டிக்குக் கட்டுனத நடுவுல அவுக்கக் கூடாது."

"அது திருஷ்டி பொம்மை இல்ல, ஒரு குழந்தையோட முகம்!"

அவர் பின்வாங்கினார். தீபிகாவே ஏணியில் ஏறினாள். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தாள். கயிறு விட்டது. அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசிப் படியில் கால் வைத்தபோது, ஆட்டோ வந்து நின்றது.

மரகதம் இறங்கினாள். வெறும் கயிறு ஆடுவதைப் பார்த்தாள். தீபிகாவின் கையைப் பார்த்தாள்.

"நீயா அவுத்த?"

அதுவரை அவள் தீபிகாவை 'நீ' என்று சொன்னதில்லை.

"அக்கா, எவனோ வம்புக்குக் கட்டியிருக்கான். நீங்க பார்த்தா…"

"நான்தாம்மா கட்டுனேன். புள்ள மேல பட்ட கண்ணையெல்லாம் அது வாங்கிக்கட்டும்னு நேத்து நானே ஏறிக் கட்டுனேன். அதுக்கப்பறந்தான் வரேன்னு உங்கிட்ட சொன்னேன். அதுபாட்டுக்கு வாங்கிக்கினு இருந்துச்சே. இப்ப அதெல்லாம் எங்க போவும்?"

தீபிகா ஏணிப் பக்கம் திரும்பினாள். "மறுபடி கட்டிடலாம்க்கா."

"அவுத்தத கட்டக் கூடாது."

ஆட்டோவுக்குள் சீனு மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மரகதம் அவனையும் மேலே ஆடிய கயிற்றையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அவுத்தது நீ. நீயே சுமந்துக்க. எம்புள்ள கண்ணு முழிக்கிற வரைக்கும் அதக் கீழ வெக்காத. வெச்சேன்னு தெரிஞ்சா, பாதியில இருந்தாலும் புள்ளய தூக்கினு வந்துடுவேன்."

தீபிகா இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் வைக்கவில்லை. இடது கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சாப்பிட்டாள். இரவு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள், அட்டை நெஞ்சின் மேல் கவிழ்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை சீனுவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி, அவள் கையிலிருந்த தன் முகத்துக்கு டாட்டா காட்டினான்.

சொன்ன நேரம் தாண்டியது. யாரும் வெளியே வரவில்லை. நர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்து வேகமாக ஓடினாள். என்ன கேட்டும் நிற்கவில்லை. மரகதம் எதிர்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் தீபிகாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளங்கை பிசுபிசுத்தது. தீபிகா அட்டையைக் கொஞ்சமாகச் சாய்த்துப் பார்த்தாள். வியர்வையில் போஸ்டர் கலர் கரைந்திருந்தது. உதட்டில் சிவப்பே இல்லை. வாய் இருந்த இடம் நீலமாகக் கலங்கிக் கிடந்தது. சட்டென்று அதை மார்போடு அழுத்திக் கவிழ்த்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. டாக்டர் முகக்கவசத்தை இறக்கியபடி வெளியே வந்தார். "சீனுவோட அம்மா யாரு?"

மரகதம் எழுந்தாள். டாக்டரின் பக்கம் போகவில்லை. தீபிகாவின் முன்னால் வந்து நின்றாள்.

"அதத் திருப்பு" என்றாள்.