மூக்கில் இருக்க வேண்டிய பாரம்

அவன் பிரேக்கை மிதித்ததும் பெட்டியின் பின்விளக்குகள் அணைந்தன. காலை எடுத்ததும் எரிந்தன.

“இன்னொரு தடவை மிதிங்க மாப்ள,” என்று பின்னாலிருந்து மச்சான் குரல் கொடுத்தார்.

மிதித்தான். அணைந்தன.

“இப்ப இடது பக்கம் திரும்புற லைட்டைப் போடுங்க.”

போட்டான். தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் கண்ணைப்போல இரண்டு பக்கமும் மங்கலாகச் சிமிட்டின.

“எந்தப் பக்கம் போறதுன்னு உங்களுக்கே தெரியலன்னு பின்னாடி வர்றவன் நினைச்சுக்குவான்,” என்றார் மச்சான். மச்சான் என்றால் அவன் மனைவியின் அண்ணன். தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருப்பதை அவர் இன்னும் ஒப்புக்கொண்டதில்லை.

பெட்டி என்று அவர்கள் சொன்னது, ஒரே அச்சில் இரண்டு சக்கரம் வைத்த சின்ன டிரெய்லர். உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை. பின்பக்கம் மேலே தூக்கித் திறக்கும் கதவு, அதற்குள் அடுப்பு வைக்கப் பலகை. ஊர் ஊராகச் சுற்றப்போவதாகச் சொல்லி மச்சான் வாங்கியது. வாசலைத் தாண்டாமலே நின்றது. பெயிண்ட் மட்டும் வருஷம் தவறாமல் அடித்தார். கடைசியில், “நீங்களாவது ஓட்டுங்க” என்று தங்கை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்.

அதை இழுப்பதற்கு அவனுடைய பழைய எஸ்யூவியைத் தயார் செய்யவேண்டியிருந்தது. இழுவைக் கொக்கி மாட்டும் கடைக்காரர் வண்டியின் அடிச்சட்டத்தில் இரும்புக் கை ஒன்றைப் பொருத்தி, அதன் நுனியில் பந்து மாதிரி ஒரு இரும்புக் குண்டையும் மாட்டிக் கொடுத்திருந்தார். பெட்டியின் மூக்கில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒன்று இருக்கும். அது குண்டின்மேல் உட்கார்ந்து, தாழ்ப்பாள் விழுந்தால் கழலாது. குண்டு உருண்டையாக இருப்பதால் பெட்டி இடது வலது திரும்பும், மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும். கூடவே விளக்குகளுக்கு ஏழு ஊசிப் பிளக் ஒன்று. இவ்வளவுதான் விஷயம். இவ்வளவுக்குள் எத்தனை குழப்பம் ஒளிந்திருக்க முடியும் என்பதைத்தான் அவன் அந்த வாரம் முழுக்கத் தெரிந்துகொண்டிருந்தான்.

கடைக்காரருக்குப் போன் போட்டான். “எர்த்தைப் பாருங்க சார்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மின்சாரம் பல்புக்குப் போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வேண்டும். திரும்பி வரும் வழிதான் எர்த். அந்த வழி அடைபட்டால் மின்சாரம் சும்மா இருக்காது, பக்கத்து பல்பு வழியாகப் புகுந்து வெளியேறப் பார்க்கும். அதனால்தான் ஒன்றைப் போட்டால் இன்னொன்று எரிகிறது. அவன் பெட்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துத் தேடினான். எர்த் ஒயரின் வளையம் போல்ட்டில் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் வளையத்துக்கும் இரும்புக்கும் நடுவே பளபளவென்று பச்சைப் பெயிண்ட்.

“மச்சான், ஒயரைக் கழட்டி அதுக்கு அடியிலயும் பெயிண்ட் அடிச்சீங்களா?”

“ஒரு இடம் விடாம அடிச்சேன் மாப்ள. அஞ்சு வருஷம் துருப் பிடிக்காது.”

சுரண்டினான். விளக்குகளுக்குப் புத்தி வந்தது.

இந்த மெனக்கெடலுக்கெல்லாம் ஒரு காரணம் உண்டு. மனைவியின் தங்கைக்குக் குழந்தை பிறந்து, அது குப்புற விழவும் ஆரம்பித்துவிட்டது. பெரியம்மாக்காரி இன்னும் போனில்தான் கொஞ்சிக்கொண்டிருந்தாள். தங்கை இருப்பது மலைக்கு அந்தப் பக்கம். காரை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் மழை நாள் ஒன்றில் மனைவி பின்சீட்டில் இருந்த டாக்ஸி சறுக்கி, பின்பக்கம் முன்னால் வந்து, சுற்றிச் சுழன்று நின்றதிலிருந்து அவளுக்குக் கார் என்றாலே பயம். உடம்பில் ஒரு கீறல் இல்லை. தினமும் தானே வேலைக்கு ஓட்டிக்கொண்டு போனவள், சாவியை மேஜை அறைக்குள் போட்டு மூடிவிட்டாள். ஊருக்குள் தவிர்க்க முடியாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால், வழி நெடுக வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவாள். அந்தப் பக்கத்து மிதியடியில் குதிகால் அளவுக்குக் குழியே விழுந்துவிட்டது.

பெட்டி வந்ததும் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. “வழியில எங்க பயம் வந்தாலும் நிறுத்திடலாம். கதவைத் திறந்தா நம்ம வீடு. டீ போட்டுக் குடி, படுத்துக்கோ. மனசு சரியானதும் கிளம்பலாம்.”

அவள் பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு சொன்னாள்: “வெள்ளிக்கிழமை ஒரு தடவை உக்காந்து பாக்குறேன். பின்னாடி கொஞ்சம் ஆடினாலும் இறங்கிடுவேன். அதுக்கப்புறம் நீங்க என்னைக் கேக்கவே கூடாது.”

வியாழக்கிழமை அவன் சாமான்களை ஏற்றினான். ஏற்றுவதில் அவனைக் குறை சொல்ல ஆளில்லை. பார்சல் கம்பெனியில் வண்டி ஓட்டுபவன். முதலில் எது இறங்குமோ அது கதவோரம், கடைசியில் இறங்குவது உள்ளே என்பது அவன் கைக்கே தெரியும். இடத்துக்குப் போனதும் முதலில் வேண்டியது தண்ணீர். ஆகவே இரண்டு பெரிய தண்ணீர்க் கேன்களும் பின்கதவோரம். அடுத்து அடுப்பு, கேஸ் சிலிண்டர், கருவிப்பெட்டி, மடக்கு மேஜை. தலையணை, போர்வை, குழந்தைக்கு வாங்கிய துணிகள் எல்லாம் முன்னால், மூக்குப் பக்கம்.

“பிரமாதம் மாப்ள,” என்றார் மச்சான். “கனமெல்லாம் பின்னாடி போனா காருக்குப் பாரம் குறையும்.”

அவன் பெட்டியின் மூக்கை ஒரே கையால் தூக்கிக் குண்டின்மேல் வைத்தான். “பாத்தீங்களா, பூ மாதிரி வருது!”

இருவரும் புறவழிச் சாலைக்குப் போனார்கள். நிதானமாகப் போனவரை பெட்டி சமர்த்தாக வந்தது. வேகம் கொஞ்சம் கூடியதும் பின்னால் யாரோ வண்டியின் இடுப்பைப் பிடித்து ஆட்டுவதுபோல இருந்தது. கண்ணாடியில் பெட்டியின் வால் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது, பிறகு அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம் இன்னும் அதிகமாக. காலை எடுத்து, வண்டி தானாக வேகம் குறையும்வரை ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராகப் பிடித்திருந்தான். ஆட்டம் அடங்கியது. மச்சான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் சொல்லவில்லை.

வீடு திரும்பும்வரைதான் அந்த மௌனம். “டயர்ல காத்து கம்மி,” என்றார். காற்று நிரப்பினான், ஆடியது. “கூட ஆயிடுச்சு போல,” என்றார். குறைத்தான், ஆடியது. குண்டுக்குக் கிரீஸ் தடவினான், துடைத்தான், தாழ்ப்பாளை இறுக்கினான். சாமான்களை எல்லாம் இறக்கிவிட்டு இழுத்துப் பார்த்தபோது நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. அப்பாடா என்று திரும்பவும் ஏற்றினான், அதே வரிசையில், அதே ஒழுங்கோடு. ஆடியது. காலியாக இருந்தால் சரி, ஏற்றினால் தப்பு. அப்படியென்றால் பாரம் அதிகம் என்று ஒரு தண்ணீர்க் கேனை எடுக்கலாமா? எடுத்துவிட்டுப் போனால் ஆட்டம் கொஞ்சம் குறைந்தது, தீரவில்லை. போர்வைகளை எடுத்துவிட்டுப் போனால் ஆட்டம் கூடியது. பாரத்தைக் குறைத்தால் எப்படி ஆட்டம் கூடும்? அன்று சாப்பிடும்போது குழம்பை ஊற்றிக்கொள்ளாமல் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

“என்ன ஆச்சு?” என்றாள் மனைவி.

“ஒண்ணுமில்லயே.”

“ஒண்ணுமில்லாததுக்கா தட்டை இப்படி முறைக்கிறீங்க?”

வெள்ளிக்கிழமை மாலை வந்தே விட்டது. தெருக்கோடியில் மூடிக்கிடந்த டைல்ஸ் கிடங்கின் முன்னால் பெரிய சிமெண்டுத் தரை. பெட்டியை அங்கே இழுத்து வந்து நிறுத்தினான். அவளை ஏமாற்றி உட்காரவைக்க மனம் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. கடைசியாக ஒருமுறை கிண்ணத்துக்குள் பார்த்துவிடலாம் என்று சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தான்.

அவள் பிளாஸ்கோடு நடந்து வந்தாள். பின்கதவைத் தூக்கித் திறந்து, டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டு, வாசற்படியில் உட்காருவதுபோலப் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். மூக்குப் பக்கம் குனிந்திருந்தவனுக்கு அது தெரியாது. தாழ்ப்பாளைத் தூக்கினான்.

கிண்ணம் அவன் கையைத் தட்டிவிட்டு மேலே எழுந்தது. பெட்டி மெல்லப் பின்பக்கமாகச் சாய்ந்து, பொத்தென்று தரையில் உட்கார்ந்தது. உள்ளே பாத்திரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசின. காரோடு சேர்த்து மாட்டியிருந்த பாதுகாப்புச் சங்கிலி இழுத்துப் பிடித்ததால், மூக்கு அவன் நெஞ்சுயரத்தில் அப்படியே நின்றது.

அவன் பின்பக்கம் ஓடினான். அவள் காலை நீட்டியபடி தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தாள். மடியெல்லாம் டீ. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. முடிந்தது, தங்கை வீடும் இல்லை, குழந்தையும் இல்லை என்று நினைத்தான்.

“அடி பட்டுச்சாம்மா?”

“இல்ல.” பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். “ஏங்க, இது பார்க்குல ஆடுற சீசா மாதிரில்ல இறங்குது! நான் என்ன அவ்வளவு குண்டா?”

“ஐயோ, நீ உக்காந்தது எனக்குத் தெரியாது.”

அவள் எழுந்தாள். பெட்டி எழவில்லை. மூக்கு அப்படியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“நான்தான் இறங்கிட்டேனே? இப்ப யாரு உக்காந்திருக்கா?” என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். கேன்கள், சிலிண்டர், கருவிப்பெட்டி எல்லாம் கதவோரம் தோளோடு தோள் உரசி நின்றன. “ஓ. உங்க பார்சல் மாதிரியே அடுக்கியாச்சா?”

அவன் கேன்களைப் பார்த்தான். மூக்கைப் பார்த்தான். நடுவிலிருந்த ஒற்றை அச்சைப் பார்த்தான். பார்சல் வண்டிக்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் இரண்டு. எஞ்சின் முன்னால் அழுத்திக்கொண்டிருக்கும். கனத்தை எங்கே வைத்தாலும் அது முணுமுணுக்காமல் சுமக்கும். இதற்கு இருப்பதோ ஒரே அச்சு. அச்சுக்குப் பின்னால் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் மூக்கைத் தூக்குகிறது. மூக்கு குண்டின்மேல் அழுத்தி உட்காராவிட்டால், வாலில் இருக்கும் கனம் சின்ன ஆட்டத்தைக்கூட விடாது, ஊஞ்சலைப்போலத் தள்ளித் தள்ளிப் பெரிதாக்கும். போர்வைகளை எடுத்தபோது ஆட்டம் கூடியது அதனால்தான், மூக்கில் இருந்த கொஞ்ச நஞ்சப் பாரமும் போயிற்று! ஒரு கையால் தூக்கி, பூ மாதிரி வருகிறது என்று பீற்றிக்கொண்டானே, அந்தப் பூதான் வியாதி.

“ஆடுச்சு,” என்றான் திடீரென்று. “நேத்து முழுக்க ஆடுச்சு. உன்கிட்ட சொல்லல.”

“தெரியும். வெறும் சோத்தைப் பிசைஞ்சீங்களே.” அவள் ஒரு கேனைப் பிடித்து இழுத்தாள். “பேசிட்டே நிக்காம இதைப் பிடிங்க.”

கேன்களை அச்சுக்குச் சற்று முன்னால் கொண்டுபோய், ஆடாமல் வார் போட்டுக் கட்டினார்கள். சிலிண்டரும் கருவிப்பெட்டியும் அதையொட்டி. தலையணையும் போர்வையும் கதவோரம் வந்தன. இறக்கும்போது தண்ணீர் கடைசியில்தான் கிடைக்கும் என்று அவன் கை இரண்டு தடவை தயங்கியது. அவள் முறைத்தாள். எவ்வளவு பாரம் மூக்கில் இருக்கவேண்டும் என்று கொக்கிக் கடைக்காரர் ஏதோ சொன்னது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது: மொத்தம் பத்துப் பங்கு என்றால் ஒரு பங்கு, கொஞ்சம் கூட இருந்தாலும் தப்பில்லை. சொன்னபோது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அவள் வீட்டுக்கு நடந்துபோய்க் குளியலறை எடை மெஷினைத் தூக்கி வந்தாள். மெஷின்மேல் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து மூக்கை அதன்மேல் வைத்தார்கள். முள் அறுபத்தைந்தில் நின்றது. சாமானோடு பெட்டி அறுநூறு கிலோ இருக்கும், பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட.

“என்னைவிட அஞ்சு கிலோ கூட,” என்றாள் திருப்தியாக.

இப்போது மூக்கை ஒரு கையால் தூக்க முடியவில்லை. மூக்கைத் தாங்கி நிறுத்தும் குட்டிச் சக்கரத் தூணின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித்தான் குண்டின்மேல் இறக்கினான்.

அவள் முன்சீட்டில் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டாள். கிடங்கைத் தாண்டி, வண்டிகள் அதிகம் வராத நேர்ச்சாலையில் மெதுவாகப் போனார்கள். வேகம் கூட்டினான். கண்ணாடியில் பெட்டி அசையாமல் நின்றது. எதிரே ஒரு லாரி காற்றைக் கிளப்பிக்கொண்டு கடந்தது. பெட்டி ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து அப்படியே நேராயிற்று. அவள் கால் மட்டும் மிதியடியை மிதித்துக்கொண்டே இருந்தது.

“நிறுத்துங்க,” என்றாள்.

அவன் கண்ணாடியை ஒருமுறை பார்த்தான். ஓரம் கட்டினான். “ஆடலயேம்மா. நான் பாத்துட்டேதான் வந்தேன், சத்தியமா ஆடல.”

அவள் இறங்கிப் பின்னால் போனாள். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள், சங்கிலியை உலுக்கினாள். பிறகு சுற்றிக்கொண்டு வந்து அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

“தள்ளுங்க.”

“எங்க?”

“அந்தப் பக்கம். இங்க உக்காந்து பிடிக்காத பிரேக்கை மிதிச்சு மிதிச்சு என் கால் வலிக்குது. நான் மிதிச்சா பிடிக்கிற பிரேக் எனக்கு வேணும்.”

“நீயா? இத்தனை நாளா ஓட்டலயே? பெட்டி வேற பின்னாடி...”

“கிடங்கு வரைக்கும்தான். தள்ளுங்கன்னேன்ல.”

எதற்குச் சரி என்கிறோம் என்று புரியாமலே சரி என்றான். அவள் சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. மச்சான்.

“மாப்ள, ராத்திரி பூரா யோசிச்சேன். அந்தக் குண்டு இருக்கே, அது சைஸ் தப்பு.”

“அண்ணன்கிட்ட சொல்லுங்க,” என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “காலையில வந்து பேசச் சொல்லுங்க. சீக்கிரமா வரச் சொல்லுங்க, நாங்க கிளம்பிடுவோம்.”

முன்னால் வளைவு வந்தது. அவன் போனைக் காதில் வைத்தபடியே, வலது காலைப் பலமாக ஊன்றினான். மிதியடியில் விழுந்திருந்த குழிக்குள் அவன் குதிகால் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.