மூடாத குழி

அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்த அலுவலகத்து ஆட்கள் எல்லோரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். பெயர் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. முப்பத்தொரு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்த்த மனிதர். எரிந்துபோன கடையின் சாம்பலைக் கிளறிப் பார்த்து, எரிந்தது துணியா, வெறும் சாக்கா என்று சொல்லிவிடுவார். வேலையை விட்டு வந்த பிறகும் கை சும்மா இருக்குமா? வீட்டுக்கு வரும் எரிவாயு சிலிண்டரை எடை போடாமல் வாசற்படி தாண்ட விடமாட்டார்.

இப்போது அந்தச் சந்தேகம் முழுவதும் ஒரு பல் டாக்டர் மேல் குவிந்திருந்தது.

விஷயம் இதுதான். அவர் மனைவிக்குக் கீழ்த்தாடையில் வலதுபக்கம் இரண்டு கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. எடுத்துப் பதினாலு மாதம் ஆகிறது. கழற்றி மாட்டும் பல்செட்டு ஒன்று செய்து போட்டுப் பார்த்தாள். அது அவள் சிரிக்கும்போதெல்லாம் தானும் சேர்ந்து துள்ளியது. ஒரு கல்யாண வீட்டில் பந்தியிலேயே வெளியே வந்து விழுந்தது. அன்றிலிருந்து அவள் சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்ள ஆரம்பித்தாள். அப்புறம் சிரிப்பதையே குறைத்துவிட்டாள். இதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் அவர், எலும்புக்குள் திருகாணி வைத்து அதன்மேல் நிலையாகப் பல் கட்டும் வைத்தியத்துக்கு ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டதுதான் தாமதம், சந்தேகமும் கூடவே கிளம்பிவிட்டது. முதலில் பார்த்த டாக்டர், "நாளைக்கே வாங்க, ஒரே நாள்ல முடிச்சிடலாம்" என்றார். இவ்வளவு அவசரம் ஏன் என்று எழுந்து வந்துவிட்டார். இரண்டாவதாகப் பார்த்தது இந்த டாக்டரம்மா. முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. "ஸ்கேன் எடுத்து, திட்டம் போட்டு, அப்புறம்தான் தேதி. திருகாணி வச்ச பிறகும் எலும்பு அதைக் கவ்விப் பிடிக்க மூணு மாசம் காத்திருக்கணும். பல்லு அதுக்கப்புறம்தான்" என்றார். இவ்வளவு தாமதம் ஏன் என்று அதற்கும் சந்தேகப்பட்டார்.

"ஏங்க, வேகமா சொன்னாலும் தப்பு, மெதுவா சொன்னாலும் தப்புன்னா அவங்க என்னதான் பண்ணுவாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"நீ யாரு என்ன சொன்னாலும் நம்பிடுவ. அதான் நான் கூட வரேன்" என்றார்.

அது உண்மைதான். அவள் எதையும் நம்புவாள். வீட்டில் இருவருக்கும் தேவையான சந்தேகத்தை அவர் ஒருவரே பட்டுவிட்டதால் அவளுக்கு அந்த வேலையே இல்லாமல் போய்விட்டது.

ஸ்கேன் வந்தது. தாடை எலும்பைக் குறுக்காகச் சீவிச் சீவி எடுத்த படங்கள். டாக்டர் திரையில் ஒரு கருப்பு வளையத்தைக் காட்டினார். "இதுக்குள்ளதான் நரம்பு ஓடுது. இதைத் தொட்டா உதடு மரத்துப் போயிடும். அதனால நரம்புக்கு ரெண்டு மில்லிமீட்டர் மேலயே நிறுத்திடுவோம். இங்க எலும்பு பன்னிரண்டு மில்லிமீட்டர் உயரம் இருக்கு. பத்து மில்லிமீட்டர் திருகாணி போதும்."

அவர் படத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, பள்ளிக்கூட அடிக்கோலால் அளந்தார். பன்னிரண்டு என்று சொன்ன எலும்பு ஒன்பதுதான் வந்தது. மூக்கில் வியர்த்துவிட்டது அவருக்கு. மறுநாளே அடிக்கோலும் கையுமாகப் போய் நின்றார்.

"சார், அது அச்சடிக்கும்போது சின்னதாயிடும். ஓரத்துல பாருங்க, அளவுக்கோடு ஒண்ணு போட்டிருக்கும். அதோட ஒப்பிட்டுத்தான் பார்க்கணும்" என்றார் டாக்டர், சிரிக்காமல்.

சிரிக்காமல் சொன்னதுதான் அவருக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

ஆனால் அன்று இன்னொன்றும் நடந்தது. டாக்டர் படத்தை மறுபடி திரையில் போட்டு, நரம்பை விட்டுவிட்டு, பல் இருந்த இடத்தையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, "சார், அம்மாவுக்கு ஏதாவது மருந்து, ஊசி ஓடுதா? முதல் நாள் படிவத்துல எல்லாத்துக்கும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க" என்றார்.

"இல்லைன்னா இல்லதான்."

"எலும்புக்கு?"

"எழுதியிருக்கேனே."

அந்தப் படிவத்தில் பதினோரு கேள்விகள். பதினொன்றுக்கும் அவர்தான் தன் அழகான கையெழுத்தில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தார். சோம்பலில் எழுதியதல்ல, கொள்கையில் எழுதியது. பல வருடங்களுக்கு முன்னால், இறந்துபோன ஒருவரின் விண்ணப்பத்தில் 'எப்போதாவது நெஞ்சு படபடப்பு' என்று ஒரு வரி இருந்தது. யாரும் கேட்காமல் அந்த மனிதர் தானே வெள்ளந்தியாக எழுதியது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறுவனம் கையை விரித்துவிட்டது. அந்த வரியைக் கண்டுபிடித்து அடியில் சிவப்புக் கோடு போட்டவர் இவரேதான். அதற்குப் பிறகு, எந்தப் படிவத்திலும் ஒரு வார்த்தைகூட அதிகமாகத் தரக்கூடாது என்பது அவருக்கு வேதம். கேட்கிறவன் கேட்பதே பின்னால் நம் கழுத்தைப் பிடிக்கத்தான் என்று உறுதியாக நம்பினார்.

ஆனால் மருந்து இருந்தது. நாலு வருடம் முன்பு குளியலறையில் வழுக்கி அவள் மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது, எலும்பு டாக்டர் இவரைத் தனியாக அழைத்து, எலும்பெல்லாம் தேய்ந்து மெலிந்துவிட்டது, வருடத்துக்கு ஒருமுறை ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார். மனைவியின் அக்கா இடுப்பெலும்பு முறிந்து, நாலு மாதம் படுக்கையிலேயே கிடந்து இறந்து அப்போது சரியாக ஐந்து வாரம். அழுது முடிக்காத பெண்ணிடம் போய், உனக்கும் அதே வியாதிதான் என்று எந்த வாயால் சொல்வது? "சத்து கொறைவா இருக்காம். வருஷத்துக்கு ஒரு ஊசி போட்டா சரியாயிடுமாம்" என்று சொல்லிவிட்டார். அவளும் நம்பினாள். நாலு வருடமாக அது சத்து ஊசிதான். பல் டாக்டரிடம் சொன்னால் விஷயம் அவள் காதுக்கும் போய்விடும். அதோடு, எலும்பு வீக் என்று தெரிந்தால் எலும்புத்தூள் வைக்கணும், அது வைக்கணும், இது வைக்கணும் என்று நீட்டுவார்கள். இரண்டுக்கும் சேர்த்து வாயை இறுக மூடிக்கொண்டார்.

டாக்டர் வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் இவர் கிளம்பும்போது இவரை ஒரு பார்வை பார்த்தார். அது இவருக்குப் பிடிக்கவில்லை. 'இந்த டாக்டரம்மா ஏதோ மறைக்கிறாள்' என்று தீர்மானித்துவிட்டார்.

குறித்த நாளும் வந்தது. மனைவியை நாற்காலியில் சாய்த்து, பச்சைத் துணி போர்த்தி, வாயை மருந்து நீரால் கொப்பளிக்க வைத்தார்கள். நர்ஸ் ஒரு தட்டைத் திறந்தாள். அதில் ஒல்லியிலிருந்து பருமன் வரை வரிசையாகத் துளைக்கும் ஊசிகள். ஒரேயடியாகக் குடையமாட்டார்களாம். மெல்லியதில் ஆரம்பித்து, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே, சூடேறாமல், படிப்படியாகத் துளையை அகலப்படுத்துவார்களாம். பூதக்கண்ணாடி மூலையில் நின்று, திருகாணிப் பெட்டியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது அவருக்கு வருத்தமாகவே இருந்தது.

டாக்டர் மரத்துப்போக வைக்கும் ஊசியைக் கையில் எடுத்தார். திரையைப் பார்த்தார். எடுத்த ஊசியைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"ஏன்? நான் அவ புருஷன்."

"அதனாலதான்" என்றார் டாக்டர்.

முப்பத்தொரு வருடத்தில் அவரை யாரும் அப்படி வெளியே போகச் சொன்னதில்லை. அவர்தான் சொல்லியிருக்கிறார். நர்ஸ் கதவைச் சாத்தினாள். அவர் வெட்கத்தைப் பார்க்காமல் கதவில் காதை வைத்தார்.

"அம்மா, பயப்படாதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பல்லு எடுத்துப் பதினாலு மாசமாச்சு. அந்தக் குழியில இந்நேரம் புது எலும்பு நெறஞ்சு மூடியிருக்கணும். உங்களுக்கு நேத்து புடுங்கின மாதிரி அப்படியே நிக்குது. இப்படி ஆகுறதுக்குக் காரணம் ரொம்பக் கம்மி. வருஷத்துக்கு ஒரு தடவையோ ஆறு மாசத்துக்கு ஒரு தடவையோ எங்கயாவது உங்களுக்கு ஊசி போடுறாங்களா?"

"ஊசியா? சத்து ஊசிதான்மா. சொட்டுச் சொட்டா ஏத்துவாங்க. நாலு தடவை ஆச்சு. அவர்தான் கூட்டிட்டுப் போவாரு."

வெளியே நின்றவர் காதை இன்னும் அழுத்தி வைத்தார்.

பிறகு டாக்டர், எந்த மருத்துவமனை என்று கேட்டு, அங்கே தொலைபேசியில் பேசினார். அப்புறம் கதவு திறந்தது. மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பச்சைத் துணியை அவளே மடித்து மடியில் வைத்திருந்தாள்.

"சார், அந்த மருந்து எலும்பைக் கரைய விடாம புடிச்சு வைக்கும். நல்ல மருந்துதான், தேவையான மருந்துதான்" என்றார் டாக்டர். குரலை உயர்த்தவில்லை. "ஆனா சில பேருக்குத் தாடையில காயம் பட்டா ஆறவே விடாது. எல்லாருக்கும் அப்படி ஆகாது. இவங்களுக்குப் பல்லு எடுத்த காயமே உள்ள ஆறல. இதுல நான் குடைஞ்சிருந்தேன்னா அந்த எலும்பு செத்துப் போயிருக்கலாம். தாடையில ஒரு துண்டையே வெட்டி எடுக்க வேண்டி வந்திருக்கலாம். நீங்க என்னை எவ்வளவு வேணா சந்தேகப்படுங்க, அடிக்கோல் எடுத்துட்டு வாங்க. ஆனா அந்த ஒரு வரியை எழுதியிருக்கணும்."

அவர் வாயைத் திறந்தார். முப்பத்தொரு வருடமாக எதிரில் உட்கார்ந்தவர்கள் சொன்ன சமாதானங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அதில் ஒன்றும் அப்போது உதவவில்லை. அவளுடைய தாடையைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்துவிடப் பார்த்தோமே என்ற நினைப்பு மட்டும்தான் வந்தது.

திருகாணி வேண்டாம் என்று முடிவாயிற்று. பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக வைத்து, சிரித்தாலும் துள்ளாத மாதிரி நல்ல செட்டு ஒன்று செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். எலும்பு டாக்டரிடம் தானே கலந்து பேசுவதாகவும் சொன்னார். மனைவி எல்லாவற்றையும் தானே கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்து இரும்பு இருக்கையில் இருவரும் உட்கார்ந்தார்கள். இரண்டு பேருந்துகள் வந்து போயின. அவள் எழுந்திருக்கவில்லை.

"அக்காவுக்கு வந்ததுதானா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நாலு வருஷமா உங்களுக்குத் தெரியும்."

"நீ பயந்துடுவன்னுதான்..."

"பயந்திருப்பேன். பயந்துட்டு, பாத்து நடந்திருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. "நாலு வருஷமா ஸ்டூல் போட்டு ஏறிப் பரண் தொடச்சேன். நான் ஏறினா போதும், எங்க இருந்தாலும் ஓடி வந்து ஸ்டூலைப் புடிச்சுக்குவீங்க. எம்மேல இவ்வளவு பிரியமான்னு நெனச்சுக்குவேன்."

"பிரியம்தான்" என்றார். "சத்தியமா பிரியம்தான்."

அவள் எதிரே ஒரு கடைக்காரர் கதவை மேலே தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். பிறகு முழுதாகத் திரும்பி, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வேற என்னெல்லாம் என்கிட்ட சொல்லாம வச்சிருக்கீங்க?"

அவர் யோசித்தார். உண்மையாகவே மூலை முடுக்கெல்லாம் தேடிப் பார்த்தார். பணத்தில் ஒளிவு இல்லை. உடம்பில் ஒளிவு இல்லை. மனதிலும் இல்லை. இந்த ஒரு பொய்தான். இத்தனை வருடத்தில் இது ஒன்றே ஒன்றுதான்.

"வேற ஒண்ணுமே இல்ல" என்றார்.

அதற்கு அத்தாட்சி கேட்டிருந்தால் கொடுக்க அவரிடம் ஒரு காகிதமும் இல்லை. ஆனால் அவள் கேட்கவில்லை. அவர் கண்ணையும் வாயையும் கையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், அவசரமே இல்லாமல்.

"சரி" என்றாள்.

அந்தச் 'சரி' அவருக்குத் தெரியும். எதிரில் இருப்பவர் சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட நம்பாதபோது, விசாரணையைத் தொடங்கும் முன் வேலையில் அவரே சொல்லிவந்த 'சரி' அது.