எட்டு டம்ளர் தண்ணீர்

அந்த ஓட்டலின் பின்கட்டில் பாத்திரம் கழுவும் பெண்களில் மூத்தவளை எல்லோரும் நுரையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக முழங்கை வரை நுரையில் நிற்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? அவளும் சிரித்துக்கொண்டேதான் திரும்பிப் பார்ப்பாள். ஆனால் நாலு மாதமாக அந்தச் சிரிப்பைக் காணோம். விரலிடுக்கில் தோல் உரிந்து, கணுக்கள் வெடித்து, கையை மடக்கினால் ரத்தம் கசிந்தது.

தட்டு எடுக்க வந்த சர்வர் ஒருவன் அதைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்ல, சூப்பர்வைசர் இறங்கி வந்தார்.

"ஏம்மா, வீட்டுல ஒழுங்கா குளிக்கிறியா இல்லையா? என்ன இது, சொறியா சிரங்கா?"

"இல்ல சார், இந்த சோப்புத் தண்ணியிலயே கை கெடக்கறதுனாலதான்..."

"பதினோரு வருஷமா வராதது இப்ப மட்டும் எப்படி வரும்? உன் உடம்பை நீதான் பாத்துக்கணும். இனிமே மத்தவங்களோட உக்காந்து சாப்பிடாதே."

அன்றிலிருந்து அவள் வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றபடி சாப்பிட்டாள். சூப்பர்வைசர் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பக்கத்துத் தொட்டியில் நிற்பவள், கூடப்பிறந்த தங்கை மாதிரி ஒட்டிக்கொண்டு திரிந்தவள், "தப்பா நெனச்சுக்காதக்கா, வீட்டுல கைக்குழந்தை இருக்கு" என்று தன் டம்ளரைத் தள்ளி வைத்தாளே, அதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

இந்த நிலையில்தான் தோல் பராமரிப்பு பற்றிப் பேச வெளியிலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, கனிவான குரல். சாப்பாட்டு அறைச் சுவரில் படங்களை ஒட்டிவிட்டு ஆரம்பித்தாள்.

"ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் தண்ணி குடிங்க. நல்லா தூங்குங்க. வாசனை இல்லாத மென்மையான சோப்பா போடுங்க. கை ஈரமா இருக்கும்போதே லேசா ஒத்தி எடுத்துட்டு கிரீம் தடவுங்க. வேலை செய்யும்போது கண்டிப்பா கிளவுஸ் போடுங்க. நம்ம தோல் நம்ம பொறுப்பு, இல்லையா?"

கதவருகே நின்ற சூப்பர்வைசர் தலையாட்டிக்கொண்டே ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார். நுரையக்கா அதை வாங்கிப் படித்தாள். 'எனக்குப் பயிற்சி தரப்பட்டது. இனி என் தோலுக்கு ஏதாவது வந்தால் நானே பொறுப்பு.' கீழே கையெழுத்துக்கு இடம்.

அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. எழுந்தாள்.

"எட்டு டம்ளரா? ரெண்டு டம்ளர் குடிச்சா பாத்ரூம் போகணும் மேடம். அந்தச் சாவி சார் பாக்கெட்டுல இருக்கு. கேட்டா, இப்பதானே போயிட்டு வந்தே, மறுபடியுமான்னு எல்லார் முன்னாடியும் கேப்பாரு. அதனால நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல. கிளவுஸா? நாலு பேருக்கு ரெண்டு ஜோடி, அதுவும் ஓட்டை. உள்ள போன சோப்புத் தண்ணி வெளிய வராது, அங்கயே ஊறும். கிரீம் தடவுனா பாத்திரம் வழுக்குதுன்னு திட்டு. எந்தப் பொறுப்பை மேடம் நான் எடுத்துக்கறது?"

"ஏய், உக்காரு!" என்றார் சூப்பர்வைசர்.

"இத்தனை நாளா நிக்க வெச்சுட்டு இப்ப உக்காரச் சொல்றீங்களா?"

வந்தவளின் முகம் மாறிவிட்டது. "அக்கா, உங்க தொட்டியைக் காட்டுங்க" என்றாள்.

எல்லோரும் பின்னாலேயே போனார்கள். தொட்டிக்குள் விரலை விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நகக்கண்ணில் ஏதோ சின்னக் கீறல் போலிருக்கிறது, எரிந்திருக்கும். குனிந்து சோப்புக் கேனில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள்.

"ஒரு பங்குக்கு நாப்பது பங்கு தண்ணி கலக்கணும்னு போட்டிருக்கு. நீங்க எவ்வளவு கலக்கறீங்க?"

"கலக்கறதா? முன்ன சுவத்துல இருக்கற அந்த பம்ப்பே சோப்பையும் தண்ணியையும் கலந்து விடும். அது கெட்டு நாலு மாசம் ஆச்சு. அப்படியே ஊத்துங்க, பிசுக்கு சீக்கிரம் போகும்னு சார்தான் சொன்னாரு."

நாலு மாதம். தன் வாயால் சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அப்படியானால் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் குளிக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்.

அப்போது பக்கத்துத் தொட்டிக்காரி முந்தானைக்குள் ஒளித்திருந்த கைகளை மெல்ல வெளியே எடுத்தாள். அவையும் உரிந்து சிவந்திருந்தன.

"நீயுமாடி?" என்றாள் நுரையக்கா. அடித்துவிடலாம் போல இருந்தது. "இதை வெச்சுக்கிட்டா எங்கிட்டேர்ந்து டம்ளரைத் தள்ளி வெச்சே?"

"என்னையும் ஒதுக்கிடுவாங்கன்னு பயமா இருந்துச்சுக்கா" என்று அவள் அழுதாள். நுரையக்கா சமாதானம் சொல்லவில்லை.

அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள்: பம்ப் கெட்டு நாலு மாதம், கிளவுஸ் ஓட்டை, பாத்ரூம் சாவி சூப்பர்வைசரிடம். எழுதி, வந்தவளிடம் நீட்டினாள். "இதையும் சேத்து மேல குடுங்க."

அவள் தயங்கினாள். "என்னைக் கூப்பிட்டதே இவங்கதான்கா. இனிமே கூப்பிட மாட்டாங்க." பிறகு பேனாவை வாங்கி, 'நானே நேரில் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாளில் புது பம்ப் வந்தது. ஆளுக்கொரு ஜோடி கிளவுஸும், உள்ளே போட மெல்லிய பருத்திக் கிளவுஸும் வந்தன. பாத்ரூம் சாவி ஆணியில் தொங்கியது. நுரையக்கா டாக்டர் தந்த களிம்போடு, வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை அலசி, ஒத்தித் துடைத்து, வாஸ்லின் தடவினாள். ஒரு நாள்கூட விடவில்லை. ஒன்றரை மாதத்தில் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. கோபம் மட்டும் ஆறவில்லை.

அடுத்த ஊழியர் கூட்டத்தில் மேனேஜர் பக்கத்தில் நின்று சூப்பர்வைசர் பேசினார். "நம்ம பொண்ணுங்க கை மேல எனக்கு எப்பவும் அக்கறை உண்டு. அதான் இந்த ஏற்பாடெல்லாம் செஞ்சேன்."

யாரோ இரண்டு பேர் கை தட்டினார்கள்.

"சார்," என்று எழுந்தாள் நுரையக்கா. "என்னை மூட்டை பக்கத்துல நின்னு சாப்பிட வெச்சீங்களே, அதையும் சொல்லுங்க."

சூப்பர்வைசர் அசட்டுச் சிரிப்புச் சிரித்து வேறு பேச்சுக்குத் தாவப் பார்த்தார்.

"என்னம்மா அது?" என்றார் மேனேஜர்.

பக்கத்துத் தொட்டிக்காரியும் எழுந்து அவளருகில் வந்து நின்றாள். நுரையக்கா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. குரலை உயர்த்தாமல், ஒரு நாளையும் விடாமல், முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.