கொக்குக் குழுவின் சீனப் பயணம்

"உறுமி மட்டும் போதுமாம்."

"பந்து?"

"பந்தப் பத்தி ஒண்ணும் சொல்லல. உறுமிக்காரங்க எல்லாரும் வேட்டி கட்டிக்கிட்டு ஈப்போல அந்தப் பெரிய ஹோட்டல் வாசல்ல நிக்கணுமாம். கிளப்பு சீனாவுக்குப் போறதுக்கு வழியனுப்பு விழாவாம் லா. அப்புறம் ஆரத்தித் தட்டோட அந்தப் பொண்ணும் வரணுமாம்."

"எந்தப் பொண்ணு?"

தனேஸ்வரன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு எதிரில் இருந்தவளைப் பார்த்தான். "நீதான்" என்றான்.

பிரமிளா பொட்டலங்கள் பிரிக்கும் கிடங்கில் வேலை முடிந்து நேராக ஈப்போவின் சிலிபின் பகுதிக்கு வந்திருந்தாள். வேலைச் சட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை. இரண்டு வருடங்களாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர்கள் உட்காரும் சாப்பாட்டுக்கடை அது. சுவரில் பச்சை வெள்ளைக் கொடி தொங்கியது. ஆஸ்திரேலியாவில் வாட்டில் பே என்ற சிறிய துறைமுக ஊரில் முட்டை வடிவப் பந்தால் ஆடும் காற்பந்துக் குழுவின் கொடி.

"அப்போ சீனாவுல, அந்தச் சியாமென்ல யாரு மச்சான் ஆடறா?"

"ஈப்போ காலேஜ்ல படிக்கிற சீனப் பசங்களாம். பிராக்டிஸ் ஆரம்பிச்சிட்டாங்க. சுபேசன் அண்ணன்தான் ஆள் புடிச்சாராம்."

"அவங்க முட்டைப் பந்தத் தொட்டிருக்காங்களா?"

"முட்டையத் தொட்டிருப்பாங்க" என்றான் தனேஸ்வரன். அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

சுபேசன் ஈப்போவில் பல் மருத்துவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். வாட்டில் பேயில் படிக்கப் போனவர், பட்டத்தோடு அந்தக் குழுவின் மீது தீராத ஒரு காதலையும் கொண்டுவந்துவிட்டார். லீக் பட்டியலில் எப்போதும் கடைசியில் கிடக்கும் குழு. அதன் சட்டையில் அகன்ற அலகுள்ள ஒரு கடற்பறவை இருக்கும். சுங்கை சிப்புட்டில் அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் கொக்கு என்றார்கள். அப்படியே மலேசியாவின் பேராக் மாநில ரசிகர் மன்றம் கொக்குக் குழு ஆகிவிட்டது.

ஈப்போவில் திடல் கிடைக்காமல்தான் சுபேசன் சுங்கை சிப்புட்டில் தன் தாத்தா கிராணியாக, அதாவது கணக்கெழுதும் அதிகாரியாக, இருந்த பழைய ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தார். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் லயங்கள் இடிந்து, மக்கள் மலிவு விலை அடுக்குமாடிக்குப் போய்விட்டாலும் மாரியம்மன் கோயிலும் அதன் பக்கத்துத் திடலும் மிச்சம் இருந்தன. ஆள் குறைந்த ஒரு நாள் தனேஸ்வரன் அத்தை மகளையும் இழுத்து வந்தான். ஒரு மாதத்துக்குள் அவளைப்போல் அந்தப் பந்தை உதைக்க அங்கே யாரும் இல்லை.

அது தரையில் வைத்து உதைக்கும் பந்து அல்ல. ஓடிக்கொண்டே கையிலிருந்து நேராகக் கீழே விட வேண்டும். தரையைத் தொடுவதற்கு முன் புறங்கால் அதைச் சந்திக்க வேண்டும். சரியாகப் பட்டால் பந்து பின்பக்கமாகச் சுழன்று சுழன்று, ஏதோ ஒரு கை தாங்கிக்கொண்டு போவதுபோல், நான்கு கம்பங்களுக்கு நடுவே போகும். கிடங்கில் நாள் முழுதும் யார் யாருக்கோ போகும் பெட்டிகளைத் தூக்கிப் போடும் பிரமிளாவுக்கு, தான் அனுப்புகிற இடத்துக்குத் தன் பெயரிலேயே போய்ச் சேரும் ஒரே பொருளாக அந்தப் பந்து இருந்தது.

போன வருடம்தான் அந்தச் செய்தி வந்தது. வாட்டில் பேயில் கூட்டம் சேரவில்லை. குழு பிழைக்க வேண்டுமானால் சீனாவில் ரசிகர்களைப் பிடிக்க வேண்டும். பருவத்தின் ஓர் ஆட்டம் சியாமெனில் நடக்கும், அதன் இடைவேளையில் ஆசிய ரசிகர்களின் அணி ஒன்று அதே திடலில் ஆடும். பெண்கள் அணியின் பயிற்சியாளர் ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பார், திறமையான ஒரு பெண்ணை ஒரு பருவம் வாட்டில் பே ஊருக்கு அழைத்துப் பயிற்சி தருவார். இதைச் சுபேசன் இந்தக் கடையில்தான் சொன்னார்.

"பேராக்ல இருந்து ஒரு குழு அனுப்பலாமாம். பிரமிளா, நீ அந்தத் திடல்ல நாலு உதை உதைச்சா போதும், மற்றது தானா நடக்கும்."

அன்றிரவு பையன்கள் அடித்த உறுமி வீதிவரை கேட்டது. பிரமிளா பாஸ்போர்ட் எடுத்தாள். சியாமென் கடலோரத்தின் படங்களைக் கைப்பேசியில் பார்த்தபடி தூங்கினாள். கனவில் அந்த ஊர் எப்போதும் மழை நின்ற பிறகு இருப்பதுபோலவே வந்தது.

பிறகு கிரேக் வந்தான். வாட்டில் பே குழுவின் ஆசிய விவகாரங்களைப் பார்க்கிறவன். ஆட்டத்தைப் பார்த்துப் படம்பிடித்துப் போக ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வருவதாகச் சுபேசன் சொன்னார். பிற்பகலில் அவனுக்கு ஈப்போவில் சீன வர்த்தகர்களோடு வேறு சந்திப்பு இருந்தது.

பெரிய மனிதர் ஒருவர் தோட்டத்துக்கு வந்தால் எப்படி வரவேற்பது என்று அங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. துரைக்கும் அப்படித்தான் செய்தார்கள், தேர்தலுக்கு வரும் வேட்பாளருக்கும் அப்படித்தான். சாலை முனையிலிருந்து உறுமி மேளம். ஆள் உயர மாலை. கோயில் தலைவர் பிச்சைமுத்து வரவேற்புரை. பிறகு வாழையிலைச் சாப்பாடு. ஆரத்தி எடுக்க ஒரு கன்னிப்பெண். பிரமிளாவின் அம்மா மங்களம் பட்டுச்சேலையை எடுத்து வைத்துவிட்டாள்.

"ஜெர்சி போட்டுக்கிறேம்மா. ஆட்டம் இருக்கு."

"ஆரத்தி எடுத்துட்டுக் கோயில் பின்னாடி போய் மாத்திக்க. எவ்வளோ நேரம் ஆகப்போவுது? மரியாதை செஞ்சாத்தான் ஒன்ன ஞாபகம் வச்சுக்குவான்."

பிரமிளா அதை நம்பினாள். அதுதான் பிற்பாடு அவளை அதிகம் எரித்தது. அம்மா வற்புறுத்தியதால் அல்ல, அவளும் நம்பித்தான் சேலை கட்டினாள். கிரேக்கின் நெற்றியில் குங்குமம் வைத்தபோது அவன் கண்ணைப் பார்த்து, நல்ல ஆங்கிலத்தில் "வெல்கம்" என்றாள். அவன் மகிழ்ந்துபோனான். அவன் கூட்டி வந்த ஆள் எல்லாவற்றையும் படம்பிடித்தான்.

பிச்சைமுத்துவின் பேச்சு தோட்டம் உண்டான காலத்திலிருந்து தொடங்கியது. சுபேசன் மொழிபெயர்த்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும் சாப்பாடு. விருந்தாளி எழுந்திருக்கும் முன் பாயசம் வந்தது. பிறகு பையன்கள் திடலில் இறங்கி ஓட ஆரம்பித்தபோது வானம் கறுத்திருந்தது. கோயில் பின்னால் சேலைக் குத்தூசிகளோடு மல்லாடி, ஜெர்சி போட்டுப் பிரமிளா ஓடி வந்தபோது கார் கதவு திறந்திருந்தது.

"சார், ஒரு கிக்!" என்று கத்தினாள்.

கிரேக் சிரித்துக் கையசைத்தான். மாலையை மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டான். குழு வெளியிட்ட காணொளியில் உறுமி இருந்தது, வாழையிலை இருந்தது, ஆரத்தித் தட்டோடு ஒரு பெண் சிரித்தாள். ஆசியா எங்களை வரவேற்கிறது என்று கீழே எழுதியிருந்தது. பந்து ஓர் இடத்திலும் இல்லை.

அந்தப் பெண்தான் இப்போது ஹோட்டல் வாசலில் நிற்க வேண்டுமாம்.

"வண்டிய எடு மச்சான்" என்றாள் பிரமிளா.

"எங்க?"

"அவங்க பிராக்டிஸ் பண்ற எடத்துக்கு."

"போய்ச் சண்டை போடாத. கிராணி வீட்டுப் பேரன், நம்ம பேச்சு அவருக்குக் கேக்காது."

"சண்டையில்ல. கேக்கப் போறேன்."

கல்லூரித் திடலில் வெயில் சாய்ந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் புத்தம் புதிய பச்சை வெள்ளைச் சட்டையில் நின்றார்கள். ஒருவன் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டு உதைத்தான். அது காலில் படாமல் விழுந்து, கோணலாகத் துள்ளி, சாக்கடையைத் தாண்டி ஓடியது. எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஓர் இளைஞன் பிரமிளாவைப் பார்த்துத் தலையசைத்துப் பெட்டியிலிருந்து குளிர்ந்த தண்ணீர்ப் புட்டி ஒன்றை எடுத்து நீட்டினான். அவன் மீது கோபப்பட அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

சுபேசன் அவளைக் கண்டதும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார். கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நானே வந்து சொல்லணும்னுதான் இருந்தன், பிரமிளா."

"நான் உதைக்கிறத வீடியோ எடுத்து அனுப்பியிருக்கேன்னு சொன்னீங்கல்ல அண்ணே? பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

அவர் திடலைப் பார்த்தபடி பேசினார். "நல்லா உதைக்கிறாள்னு சொன்னாங்க. ஆனா சியாமென்ல டிவில பாக்கிற சனம், இவன் நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறானேன்னு நினைக்கணுமாம். அதுக்குத்தானாம் இவ்வளவு செலவும்."

"ஆசிய ரசிகர்னுதானே சொன்னாங்க. நான் ஆசியா இல்லியா?"

"நீ ஆசியாதான்."

"பின்ன?"

"அவங்களுக்குத் தேவைப்பட்ட ஆசியா இது இல்ல."

தனேஸ்வரன் வண்டியில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தான். "அப்போ நீங்க போறீங்களா அண்ணே, சீனாவுக்கு?"

"கேலரில ஒரு இடம் தந்திருக்கிறாங்க" என்றார் சுபேசன். பிறகு குரல் தாழ்ந்தது. "எனக்கும் இது பிடிக்கேல்ல. ஆனா இந்த ஆட்டம் சரியா நடக்காட்டி கிளப்பை வேற கிளப்போட சேத்திடுவாங்க. பிறகு கொடியும் இல்ல, பாட்டும் இல்ல. இருபது வருசம் நான் சனிக்கிழமை எண்டால் அதுக்காகத்தான் எழும்பினன். கிளப் பிழைச்சா அடுத்த வருசம் உன்ன அனுப்பக் கேக்கலாம்."

"அடுத்த வருசமும் தட்டோடதான் கூப்பிடுவாங்க."

திடலில் இன்னொரு பந்து கோணலாகப் போனது.

பிரமிளா குனிந்து காலடியில் உருண்டு வந்த ஒரு பந்தை எடுத்தாள். அதுவும் புதியது. தோல் இன்னும் வழுவழுப்பாக இருந்தது. தோட்டத்தில் அவர்கள் ஆடிய பந்தின் தையல் பிரிந்து, தனேஸ்வரன் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து மூன்று முறை தைத்து வாங்கியிருந்தான். அவள் புதுப் பந்தை இரு கையாலும் பிடித்தாள். விரல்கள் தாமாகவே உரிய இடத்துக்குப் போய் நின்றன. கம்பங்கள் தூரத்தில் இருந்தன. அவளால் முடியாத தூரம் இல்லை.

சுபேசன் அவள் பிடியைப் பார்த்தார். திடலில் நின்ற இளைஞர்களைத் திரும்பிப் பார்த்தார். கிட்ட வந்தார்.

"பிரமிளா, தவறா எடுக்காத. பிராக்டிஸ் எப்படிப் போகுதுன்னு காட்டச் சொல்லி நாளைக்குள்ள ஒரு வீடியோ கேக்கிறாங்க. இவங்களில ஒருத்தருக்கும் இன்னும் உதைக்க வரேல்ல. இப்படியே அனுப்பினா பேராக் வேண்டாம்னு முழுசா வெட்டிடுவாங்க."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

பையிலிருந்து மடிப்புக் கலையாத ஒரு சோடி நீண்ட காலுறையை எடுத்தார். முழங்கால்வரை வருவது, பச்சைக் கோடு போட்டது. அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"இதப் போட்டுக்கிட்டு ஒரே ஒரு தடவ உதைச்சுக் காட்டம்மா. நான் கிட்ட நின்னு எடுக்கிறன். காலும் பந்தும் மட்டும்தான் வரும். முகம் வராது."