வெற்றிலை வாங்கிய கை

மேற்பார்வைக்காரன் எட்மோன் குதிரையை விட்டு இறங்காமலே சொன்னான். சீமையில் சர்க்கரை விலை விழுந்துவிட்டதாம். அதனால் தீவின் ரோஸ் பெல் ஊர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் களையெடுக்கும் பெண்களுக்கு வரும் திங்கள் முதல் நாள் கூலி நாற்பது சதம் கிடையாது, முப்பத்திரண்டுதான்.

"பிடிக்காதவங்க போகலாம். வழி திறந்துதான் கிடக்கு" என்று கிரியோலில் முடித்துவிட்டு, குதிரையைத் திருப்பினான்.

"குதிரைக்கும் கொள்ளு குறைச்சாச்சா மிசியே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எட்மோனும் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கோவிந்தம்மாதான், வேறு யார்?

தெய்வானை மட்டும் சிரிக்கவில்லை. இதையே தான் சொல்லியிருந்தால் அரை நாள் கூலி போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவர்கள். ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குடியிருந்தார்கள். களைக்கொத்தைப் பிடித்தால் தெய்வானை இரண்டு வரிசை முடிக்கும்போது கோவிந்தம்மா ஒன்றரையில் நிற்பாள். ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போய் உட்காருவது கோவிந்தம்மாவைச் சுற்றித்தான். அவளுக்கு இல்லாமல் தெய்வானைக்கு இருந்தது ஒன்றே ஒன்று, வெள்ளச்சி என்கிற பசு. தலைச்சன் சினை. வேலை முடிந்து வரும்போது தெய்வானை வயலோரத்தில் ஒரு கட்டுப் புல் அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தப் புல் மழை மாதிரி, வெயில் மாதிரி. யார் கொடுத்தது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

அன்றைக்கும் புல்லுக்கட்டோடு வந்தவளைக் கோவிந்தம்மா வழியில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒரு சேதி. யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சொல்லு."

"நம்ம பழைய சர்தார், தோட்டத்துல ஆள் மேய்ச்ச பழனியாண்டி அண்ணன் அஞ்சு ஆர்ப்பான் நிலம் வாங்கிக் கரும்பு போட்டிருக்காருல்ல? நாலு பொம்பளைங்களை மேய்க்க ஒரு ஆள் வேணுமாம். நாப்பத்தஞ்சு சதம். குடியிருக்க வீடும் உண்டு. என்னைக் கூப்பிடுறாரு."

"உன்னையா?"

"ஏன், என் மூஞ்சிக்கு என்ன?"

"மூஞ்சிக்கு ஒண்ணுமில்லடி. கொத்து பிடிக்கிற கையைச் சொன்னேன்."

கோவிந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அதைத்தான் நானும் சொன்னேன். 'வேலை செய்ய ஆள் இருக்கு தங்கச்சி, வேலை வாங்கத்தான் ஆள் இல்ல'ன்னுட்டாரு. ஞாயித்துக்கிழமை கோயில்ல வெத்திலை தர்றாராம்."

"வாங்கப் போறியா?"

"மனசு அங்கயும் இங்கயும் ஆடுது. இங்க கூலி குறைஞ்சாலும் பழகின இடம். எட்மோன் மிசியே குரைப்பாரு, கடிக்க மாட்டாரு. நீ என்ன சொல்றே?"

"நான் என்னத்தச் சொல்ல? யோசிச்சுச் செய்."

தெய்வானை ராத்திரிச் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். நாற்பத்தைந்து சதம் அவளுக்கா? ஒன்றரை வரிசைக்காரிக்கா? சுவருக்கு அந்தப் பக்கம் கோவிந்தம்மா பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். ஒவ்வொரு தேய்ப்பும் தெய்வானையின் நெஞ்சில் விழுந்தது.

அம்மன் முன்னால் வெற்றிலை வாங்கினால் ஒரு வருஷத்துக்குப் பேச்சு மாறக் கூடாது. கையெழுத்துத் தெரியாதவர்களுக்கு அதுதான் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பழனியாண்டி தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்து நின்றார். கோவிந்தம்மா கோயிலின் பின்பக்கம் பொங்கல் பானையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் நின்றவள் தெய்வானை.

"கோவிந்தம்மா எங்க தங்கச்சி?"

"அவ வரலண்ணே."

"கோயிலுக்கா?"

"வேலைக்கு. எட்மோன் மிசியேவை விட்டு வர அவளுக்கு மனசில்ல. சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு நிக்கிறா."

பழனியாண்டி தாடையைச் சொறிந்துகொண்டார்.

"சரி, நீ வர்றியா?"

தெய்வானை இரண்டு கையையும் நீட்டினாள்.

அப்போதுதான் கோவிந்தம்மா கரிபட்ட முகத்தோடு வெளியே வந்தாள். வெற்றிலையைப் பார்த்தாள். தெய்வானையைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் முந்தானையில் கரியைத் துடைத்துக்கொண்டே நின்றாள். தெய்வானைக்கு அந்த ஒரு நிமிஷம் தேனாக இருந்தது.

"நல்லதுக்கா" என்றாள் கோவிந்தம்மா. "பொங்கல் சூடா இருக்கு, வா."

திங்கட்கிழமை தெய்வானை மூட்டையும் பசுவுமாகப் பழனியாண்டியின் நிலத்துக்குக் குடிபோனாள். முதல் நாளே அரிவாளோடு நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எல்லைக் கல் வரைக்கும் கரும்பு. புல் முளைக்க ஒரு சாண் இடம் இல்லை.

"புல்லா?" என்றார் பழனியாண்டி. "வாங்கின நிலத்துல புல்லு வளர்க்க நான் என்ன துரையா தங்கச்சி? கரும்புத் தோகை என் வண்டிமாட்டுக்கே பத்தல."

பழைய வயலோரத்துக்கே போனாள். நாலு பிடி அறுப்பதற்குள் குதிரை வந்து நின்றது.

"யார் புல்லு இது?" என்றான் எட்மோன்.

"பொறந்ததுல இருந்து அறுக்கிற புல்லு மிசியே."

"அப்ப நீ தோட்டத்து ஆளு. இப்பப் பழனியாண்டி ஆளு. அவன்கிட்டக் கேளு."

அறுத்த நாலு பிடியையும் அங்கேயே போடச் சொல்லிவிட்டான். கூலியில் சேராத கூலி ஒன்று இத்தனை வருஷமாகத் தன் தலையில் வந்துகொண்டிருந்தது தெய்வானைக்கு அன்றுதான் விளங்கியது. வாங்கிய வெற்றிலையைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

மூன்று வாரத்தில் வெள்ளச்சிக்கு விலா எலும்பு தெரிந்தது. மாட்டை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விடுவதைத் தவிர வேறு வழியில்லை. முதல் கன்று வளர்க்கிறவளுக்கு, அடுத்தது மாட்டுக்காரிக்கு, அதுதான் வழக்கம். தோட்டத்துப் புல் உள்ளவள், சினைமாட்டை அடிக்காமல் பார்க்கிறவள் யார் என்று யோசித்தாள். எத்தனை தரம் யோசித்தும் ஒரே பேர்தான் வந்தது.

"எங்கிட்டயா அக்கா?" கோவிந்தம்மா கயிற்றை வாங்கிக்கொண்டாள். "பழனியாண்டி அண்ணன்கிட்ட நான் வரலன்னு நீதானே சொன்னே?"

தெய்வானை மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "யாரு சொன்னா?"

"அவரேதான். அன்னைக்கு ராத்திரி அழுதேன். அப்புறம், போகட்டும், ஆடிக்கிட்டிருந்த மனசை அக்கா ஒரு பக்கம் நிறுத்திட்டான்னு விட்டுட்டேன்."

நாலு திட்டுத் திட்டியிருக்கலாம். மயிரைப் பிடித்து இழுத்திருக்கலாம். அதற்குத் தெய்வானையிடம் பதில் இருந்தது. இப்போது வெள்ளச்சியின் முதுகை ஒரு தரம் தடவிவிட்டு நடந்தாள்.

சில மாதம் கழித்து வெள்ளச்சி கிடேரிக் கன்று போட்ட சேதியைக் களையெடுக்கும் பெண்கள் சொன்னார்கள். போகக் கூடாது என்று ஆறு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த தெய்வானை ஏழாம் நாள் போய்விட்டாள். வெள்ளச்சியின் விலா மூடியிருந்தது. கன்று நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு துள்ளியது.

"வெள்ளச்சி!" என்று கூப்பிட்டாள். பசு புல்லிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"பால் காய்ச்சி வச்சிருக்கேன், இருந்து குடிச்சுட்டுப் போ" என்றாள் கோவிந்தம்மா.

"வேணாம். கன்னுக்கு என்ன பேரு வச்சே?"

"பேரா? வான்னா வருது. அதுக்கு எதுக்குப் பேரு? வா!"

கன்று ஓடி வந்தது. அதன் பின்னாலேயே வெள்ளச்சியும் வந்து கோவிந்தம்மாவின் தோளில் மூக்கை வைத்தது.

தெய்வானை தன் இடுப்பு மடியைத் தொட்டுப் பார்த்தாள். அந்த வாரத்துக் கூலி முழுசாக இருந்தது. நாளுக்கு நாற்பத்தைந்து சதம், ஒன்றும் குறையவில்லை. "நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பின்னால் கோவிந்தம்மா பாட ஆரம்பித்திருந்தாள்.