லைன் 3 எழுதிய நிரல்

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கனகலட்சுமி லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்துவிட்டாள். சென்னைக் கம்பெனி ஒன்றில், அவளே எழுதிய நிரலைப் பார்த்துவிட்டுத்தான் வேலை தருவார்களாம். பகல் பன்னிரண்டுக்குள், நிரலை ஏற்றி வைத்திருக்கும் இணையதளத்தின் லிங்க் போக வேண்டும். நிரல் இல்லாமலா? ஷிப்ட் பஸ் எந்த நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்று சொல்லும் செயலி, இரண்டு வருடம், அறுபத்தொரு திருத்தங்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதியவர் பெயர் "லைன் 3" என்று இருந்தது.

யாரைத் திட்டுவது? ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் எந்தத் தாளை நீட்டினாலும் பெயருக்கு முன்னால் லைன் நம்பரைத்தான் கேட்பார்கள். லேப்டாப் முதன்முதலில் பெயர் கேட்டபோது, கைப்பழக்கத்தில் அதையே அடித்து, ஆபீஸ் மெயிலையும் கொடுத்துத் தொலைத்தாள் மகராசி. சொந்த வேலையும் அந்தப் பெயரிலேயே போய்விட்டது.

"இன்னாக்கா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி கீது?" என்று கீழ் வீட்டிலிருந்து மாடியேறி வந்து உட்கார்ந்தாள் வீட்டு ஓனர் கோதண்டத்தின் மகள் கனிஷ்கா.

"கொஞ்சம் சும்மா இருட்டி."

ஆபீசுக்கு ஒரு ஃபோல்டர், சொந்தத்துக்கு ஒன்று என்று பிரித்தாள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தளத்துக்குள் நுழையத் தனிச் சாவி. சொந்தச் சாவியால் தளத்தைத் தட்டினாள். "ஹாய் கனகலட்சுமி" என்றது. ஆபீஸ் சாவியால் தட்டினாள். "ஹாய் லைன் 3" என்றது. ஒரே லேப்டாப்தான்! இப்போது ஆள் இரண்டு.

பழைய திருத்தங்களை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, பெயர் மாற்றும் கட்டளையை அடித்தாள். திரையில் வரிசை ஓடி நின்றது. பொங்கலன்று எழுதியது, மழையில் கம்பெனி மூடிய அன்று எழுதியது, காய்ச்சலோடு எழுதியது. தேதி ஒன்றுகூட நகரவில்லை. மேலிருந்து கீழ்வரை கனகலட்சுமி, கனகலட்சுமி.

"ஆத்தாடி, இம்புட்டும் நானா செஞ்சேன்!" அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கனிஷ்கா திரையில் விரலை ஓட்டினாள். "பொங்கலன்னிக்கு நான்தானக்கா கூட்டு ரோட்ல நின்னுகினு பஸ் டைம் எழுதினு வந்தேன்?"

குற்றமாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னாள். கனகலட்சுமிக்குத்தான் சுருக்கென்றது. மணி பதினொன்று நாற்பது. லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி, "உன் பேர அடிட்டி" என்றாள்.

கனிஷ்கா ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். அறுபத்திரண்டாவதாகச் சேர்ந்த திருத்தத்தில், எழுதியவர்கள் என்று இரண்டு பெயர்கள் விழுந்தன. லிங்க் போனது.

"இத்த எல்லாரும் பாப்பாங்களாக்கா?"

"உலகம் பூரா பாக்கும்."

கனிஷ்கா திரையில் தன் பெயரை இன்னொரு முறை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினாள். "யப்பா! கண்ணாடிய மாட்டிகினு சீக்கிரம் மேல வாப்பா!"