தேவாலயத்தைப் பார்த்த வாசல்

சவப்பெட்டியைச் சுமந்து வந்த ஆறு பேரும் மேய்ச்சல் நிலத்தின் நடுவில் நின்றுவிட்டார்கள். எடித் கைத்தடியை நீட்டி வழியை மறித்திருந்தாள்.

"சுத்திப் போக வேணாம். தேவாலயத்துக்கு நேரா போங்க."

மகள் ஹெஸ்டர் முன்னால் வந்து பார்த்தாள். அம்மா காட்டிய இடத்தில் மஞ்சள் கோடு ஓடியது. எழுநூறு வருஷத்துக்கு முன் அகழியும் மதிலுமாக யாரோ ஒரு பிரபு கட்டிய வீடு அந்தப் புல்லுக்கு அடியில் கிடந்தது. இந்தக் கோடையில் இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரம் முழுக்க மழையே இல்லை. கல் புதைந்த இடமெல்லாம் புல் காய்ந்து, மதிலின் தடம் அப்படியே மேலே தெரிந்தது. மறுநாள் தொல்லியல் ஆய்வாளர்கள் படமெடுக்க வருகிறார்கள். அதுவரை அந்தக் கோட்டின் மேல் மிதிக்க வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள்.

அந்த வீட்டின் வாசல் தேவாலயத்தைப் பார்த்துத்தான் இருந்தது என்று ஆயுசு முழுக்கச் சாதித்தவர் அப்பா வில்ஃப்ரெட். சாலைப் பக்கம் என்பாள் அம்மா. சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியையும் மிளகு ஜாடியையும் மதிலாக நிறுத்திச் சண்டை போடுவார்கள். இருவருக்கும் அது இல்லாமல் சாப்பாடு இறங்காது.

படுக்கையில் விழுந்த பிறகு அவர் கேட்டதெல்லாம் அதைத்தான். ஹெஸ்டர் போய்ப் பார்த்தாள். கோடு சாலைப் பக்கம் மட்டும் விட்டுப்போய், அங்கே புல் பச்சையாக இருந்தது; வாசல் அம்மா சொன்ன பக்கம்தான். திரும்பி வந்தவளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அம்மா முந்திக்கொண்டு அவரிடம் சொன்னாள்.

"நீ சொன்ன பக்கம்தான் வாசல். போதுமா? ரொம்ப அலட்டிக்காத."

அவர் முகத்தில் வந்த சிரிப்பை ஹெஸ்டர் சாகும்வரை மறக்கமாட்டாள். அன்று சாயங்காலமே போய்விட்டார்.

பெட்டியின் முன்பக்கம் பிடித்திருந்த பக்கத்துப் பண்ணை கிளிஃப் தயங்கினான். "எடித்தம்மா, இங்க சுவராச்சே."

"வாசல்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். நட."

நடந்தார்கள். பின்னால் ஊரே நடந்தது. காய்ந்த புல் காலடியில் நொறுங்கித் தூளாகி, அந்த இடத்தில் மஞ்சள் கோடு அறுந்தது.

மறுநாள் படமெடுக்க வந்த பெண், அடுப்படியில் தேநீர் குடித்துக்கொண்டே, ரெண்டு வாசல் தெரிகிறதே என்று ஆச்சரியப்பட்டாள்.

எடித் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. "வாசல் ஒண்ணுதான். தேவாலயத்தைப் பார்த்து இருக்கே, அது. சாலைப் பக்கம் இருக்கிறது மாடு போற வழி."

ஹெஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, ஏற்கெனவே கழுவிய கோப்பையை மறுபடி கழுவினாள்.